எட்டு மாநிலம் தாண்டும் பெட்டி

எடிசன், நியூ ஜெர்சி
9 செப்டம்பர் 2000

அண்ணனுக்கு வசந்தாமணி எழுதுவது.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதாசி எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் போன் அடித்தால் இப்போது யாரும் எடுப்பதில்லை. சபரி டவுன் கவுன்சிலுக்கு நிற்கிறான் என்று சித்திரையிலேயே சொல்லியிருந்தேனே, அவன் படம் போட்ட அட்டையை ரோட்டோரம் நட்ட நாளிலிருந்து ஒருவன் கூப்பிடுகிறான். திட்டினால் கூடத் தேவலை. பேத்தியின் ஸ்கூல் பஸ் எத்தனை மணிக்கு எந்த முனையில் நிற்கிறது என்று இங்கிலீஷில் பொறுமையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறான். மருமகள் தாமரைச்செல்வி வேலையை விட்டுவிட்டு அந்த முனையில் போய் நிற்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை ஹால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு கல் வந்து விழுந்தது. நான் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில். போலீஸ் வந்தார்கள், எழுதிக்கொண்டார்கள், போனார்கள். சபரி சிரிக்கிறான். "அம்மா, எலெக்சன்னா நாலு பேரு கல்லெறியத்தான் செய்வாங்க" என்கிறான். சிரிக்கும்போது அவன் உதடு காய்ந்து பல்லில் ஒட்டிக்கொள்வதை நான் பார்க்கிறேன்.

அக்டோபர் எட்டு, ஞாயிற்றுக்கிழமை, பெரிய கூட்டம். வாடகை ஹால். இருநூறு பேர் வருவார்கள், யார் யாரென்று எனக்குத் தெரியாது. உங்கள் மகன் ரஞ்சித்திடம் கைத்துப்பாக்கி இருக்கிறது, சட்டப்படி லைசன்ஸும் இருக்கிறது. அந்த ஒரு நாள் அவன் அதோடு வந்து என் மகன் பக்கத்தில் நிற்கட்டும். சபரியிடம் சொல்லவில்லை, சொன்னால் குதிப்பான்.

இதை உங்களுக்கு வாசிப்பது உங்கள் மருமகள் வான்மதி என்று தெரியும். என் மகளைக் கட்டாமல் ரஞ்சித் உன்னைக் கட்டினான் என்று இரண்டு வருஷம் பேசாமல் இருந்தேன். அந்த வருத்தம் இப்போது இல்லை அம்மிணி. பயம் வந்த இடத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. மாமனுக்கு எடுத்துச் சொல்.

வசந்தாமணி


பிளானோ, டெக்சாஸ்
15 செப்டம்பர் 2000

தங்கச்சி வசந்தாமணிக்கு,

வெங்கடாசலம் சொல்கிறேன், வான்மதி எழுதுகிறாள். உன் கடிதாசியை அவள் மூன்று தடவை வாசித்தாள். எனக்கு ஒரு தடவை போதும். எழுத்துத் தெரியாதவனுக்குக் காதில் விழுந்ததுதான் புத்தகம். மற்ற இரண்டு தடவையும் அவள் தனக்காக வாசித்துக்கொண்டது.

ரஞ்சித் எதற்காகத் துப்பாக்கி வாங்கினான் என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. 1997 பிப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை. நம் ஊர்ச் சாமான் விற்கும் கடைக்கு வெளியே கார் பார்க்கிங். நான் முன் சீட்டில் இருந்தேன். ரஞ்சித் டிக்கியில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டிருந்தான். பழுப்பு ஜாக்கெட் போட்ட ஒருவன் வந்து அவன் காதில் துப்பாக்கியை வைத்தான். இடது ஷூவில் கயிறு கட்டியிருக்கவில்லை. பர்ஸையும் வாட்சையும் வாங்கிக்கொண்டு நடந்தே போனான், ஓடக்கூட இல்லை. நான் கதவைத் திறந்து இறங்கியிருக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்த கை அப்படியே இருந்தது. அன்றைக்குப் பிறகு ரஞ்சித்தும் நானும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

கிரீன் கார்டு வந்ததும் வகுப்புக்குப் போனான், சுட்டுக் காட்டினான், விரல் ரேகை கொடுத்தான், அட்டை வந்தது. சட்டைக்கு உள்ளே இடுப்பில் வைத்துக்கொண்டுதான் காய் வாங்கப் போகிறான். இங்கே அது தப்பில்லை. இங்கே.

அங்கே? அதைத்தான் அவனிடம் கேட்டேன். "டெக்சாஸ்ல வாங்குன டிரைவிங் லைசன்ஸை வெச்சு நியூ ஜெர்சில கார் ஓட்ட முடியாதாப்பா? அதே மாதிரிதான் இதும்" என்றான். அவன் படித்தவன். எனக்கு அந்தப் பேச்சு வயிற்றில் இறங்கவில்லை.

இன்னொன்று. 62 எலெக்சனில் நம் அப்பாவின் தோட்டத்துத் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி நான்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போனேன். ஓட்டு எண்ணி முடிக்கும் வரை லைசன்ஸ் துப்பாக்கி யாரிடமும் இருக்கக் கூடாது என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள். நீயும் கூட வந்தாய், வழியில் செருப்பு அறுந்தது என்று அழுதாய். எலெக்சன் வந்தால் துப்பாக்கியை விட்டு விலகுவதுதான் நாம் கண்டது. எலெக்சனுக்கென்று அதைத் தூக்கிக்கொண்டு போவதை இப்போதுதான் கேட்கிறேன்.

சபரிக்கு வேண்டுமானால் நான் வருகிறேன். துப்பாக்கி வராது.

அண்ணன்


எடிசன்
21 செப்டம்பர் 2000

அண்ணனுக்கு,

நீங்கள் வந்து என்ன செய்வீர்கள்? எழுபத்திரண்டு வயதில் கல்லுக்குக் குறுக்கே நிற்பீர்களா?

62-இல் என் செருப்பு அறுந்தது வரை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. என் பேத்தி பஸ் ஏறும் முனையில் நேற்று ஒரு வெள்ளைக் கார் பத்து நிமிஷம் நின்றது. அதை நான் மறக்கப் போவதில்லை. உங்கள் மகன் காதில் துப்பாக்கி வைத்தது ஒரு தடவை. எங்களுக்குத் தினமும் வைக்கிறான், போனில்.

நீங்கள் விட மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் ரஞ்சித்தின் ஆபீசுக்கே கூப்பிட்டேன். முழுதாகச் சொல்லி முடிக்கக்கூட இல்லை, "வாரேனுங்க அத்தை. நீங்க பயப்படாதீங்க" என்றான். பெற்றவனுக்கு இல்லாத தைரியம் பிள்ளைக்கு இருக்கிறது.

வசந்தாமணி


பிளானோ
28 செப்டம்பர் 2000

வசந்தாமணி,

நீ சொன்னது சரி. எனக்குத் தைரியம் இல்லை. இல்லாததால்தான் விசாரித்தேன்.

அவனுக்குத் துப்பாக்கி வகுப்பு எடுத்த வாத்தியார் பழைய போலீஸ்காரர். வான்மதி அவரைக் கூப்பிட்டுப் பேசினாள், அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தமிழில் சொன்னாள். அவர் முதலில் சொன்னது: "நியூ ஜெர்சியில் இந்த அட்டை வெறும் பிளாஸ்டிக்." ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டமாம். சில மாநிலம் டெக்சாஸ் அட்டையை ஏற்றுக்கொள்ளும், சிலது ஏற்காது. இங்கிருந்து உன் ஊருக்கு எட்டு மாநிலம். டெக்சாஸ், ஆர்கன்சா, டென்னசி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, மேரிலாண்ட், பென்சில்வேனியா, கடைசியில் உன்னுடையது. இப்போது தூக்கத்திலும் சொல்வேன்.

குண்டைக் கழற்றி, பெட்டியில் பூட்டி, டிக்கியில் வைத்துக் கொண்டு போகலாம், குண்டு தனியாக இருக்க வேண்டும். ஆனால் அங்கே போய் இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்தில் நின்றான் என்றால் ஜெயில். மாசக் கணக்கில்லை, வருஷக் கணக்கு. சிட்டிசன் இல்லாதவனுக்கு அதோடு கிரீன் கார்டும் போகும். ஜெயிலிலிருந்து நேரே பிளேனில் ஏற்றுவார்கள். உன் மகன் பேர் என்ன ஆகும் என்று யோசித்தாயா? துப்பாக்கிக்காரனைப் பக்கத்தில் வைத்து ஓட்டுக் கேட்டான் என்று பேப்பரில் வராதா?

ரஞ்சித்திடம் சொன்னேன். "சரிங்கப்பா, பெட்டில பூட்டி டிக்கிலதான் கொண்டு போறேன். லீகல்தான்" என்றான்.

"போற வரைக்கும் சரி சாமி. போய்ச் சேர்ந்து திறக்க மாட்டியா?"

ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். போட்டு முடித்த ஷூவுக்கே மறுபடியும் போட்டான்.

நான் சொன்னால் கேட்க மாட்டான். காதில் துப்பாக்கி வைத்த அன்றைக்குக் காரை விட்டு இறங்காத அப்பன் நான், என்னத்தைச் சொல்வது? நீ சொன்னால் கேட்பான். கும்பிட்டுக் கேட்கிறேன். வெறுங்கையோடு வா என்று ஒரு வார்த்தை சொல்.

அண்ணன்

அத்தை, இது வான்மதி. மாமாவுக்கும் தெரியாதது ஒன்று. நான் மூன்று மாசம். இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. மாமா கேட்காத நேரம் பார்த்து எழுதுகிறேன்.


எடிசன்
2 அக்டோபர் 2000

அண்ணனுக்கு,

நான் சொல்ல மாட்டேன். சொல்ல வாய் எடுத்தேன், அப்போதும் போன் அடித்தது.

வான்மதி, உடம்பைப் பார்த்துக்கொள். என்னைப் பொல்லாதவள் என்று நினைத்துக்கொள், பரவாயில்லை. நீயும் ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகு பேசுவோம்.

வசந்தாமணி


பிளானோ
6 அக்டோபர் 2000, வெள்ளி

வசந்தாமணி,

இது உன் கைக்கு வருவதற்குள் கூட்டம் முடிந்திருக்கும். அதற்காகத்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். சொன்னால் நீ அவனுக்குச் சொல்லிவிடுவாய்.

இன்றைக்கு ஆயுத பூஜை. காலையில் ரஞ்சித்திடம், "லேப்டாப்பை வைக்கறே, கார் சாவியை வைக்கறே. நெசமான ஆயுதத்தை மட்டும் பொட்டிக்குள்ள பூட்டி வெச்சிருக்கறே. இது என்ன பூஜை?" என்றேன்.

ஒரு மாசமாக முகம் கொடுக்காதவன் சிரித்துவிட்டான். "அப்பா, நீங்களே கேக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு எடுத்து வந்தான். குண்டு இல்லை என்று திறந்து காட்டினான். சாமி படத்துக்கு முன்னால் அரிவாள்மனைக்கும் கார் சாவிக்கும் நடுவில் வைத்தான். வான்மதி எல்லாவற்றுக்கும் வைத்த மாதிரி அதற்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

பூஜை முடிந்து அவன் பொரியும் சுண்டலும் சாப்பிடும்போது ஆபீசிலிருந்து போன் வந்தது. வெளி வராந்தாவுக்குப் போய்ப் பேசினான். பெட்டி கட்டிலின் மேல் திறந்து கிடந்தது.

நான் அதுவரை அதைத் தொட்டதில்லை. கனம் அதிகம். பூட்டிய பெட்டியைத் தூக்கிப் பார்த்து, அதே கனத்துக்கு என்ன வைப்பது என்று போன வாரமே முடிவு செய்திருந்தேன். என் வெற்றிலை இடிக்கும் இரும்பு உரல். துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். குண்டு இருந்த பையைக் காலி செய்து கொட்டைப்பாக்கைப் போட்டேன். பூட்டப் போனேன், சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. வான்மதி வந்து சாவியைப் பிடுங்கிப் பூட்டினாள்.

அவன் திரும்பி வந்து, "பூட்டியாச்சா?" என்று கேட்டான்.

"பூட்டிட்டேனுங்க" என்றாள். கட்டினவனிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுதான் என்று இப்போது எழுதிக்கொண்டே சொல்கிறாள்.

பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தான். என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "சபரிக்கு ஒண்ணும் ஆகாதுப்பா, நான் இருக்கறேனில்ல" என்றான். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினான்.

துப்பாக்கி பொட்டோடு அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. மதியத்துக்குச் சோறு வடிக்கவில்லை. டப்பாவைத் திறக்க இரண்டு பேருக்கும் மனசில்லை.

என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். என் மகனை ஜெயிலிலிருந்து எடுத்து உன் மகனை வெறும் வெளியில் நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சபரிக்கு ஒன்று ஆனால் அது அந்தப் போன்காரன் செய்ததில்லை, நான் செய்தது.

அண்ணன்


எடிசன்
9 அக்டோபர் 2000

அண்ணனுக்கு,

சபரி நன்றாக இருக்கிறான். ரஞ்சித்தும் இருக்கிறான். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

நேற்று நாலு மணிக்குக் கூட்டம். மூன்றரைக்கு ஹாலுக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் ரஞ்சித் பெட்டியைத் திறந்தான். நான் பக்கத்தில் நின்று யாரும் வராமல் பார்த்துக்கொண்டேன். ஆமாம், நான்தான் காவல். துண்டை அவிழ்த்தான்.

"அத்தை, இது என்னங்க?"

உங்கள் உரலைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. நான் பேசிய பேச்சை எழுத முடியாது. உங்களை அண்ணன் என்று இனிச் சொல்ல மாட்டேன் என்றேன். ரஞ்சித் ஒரு கொட்டைப்பாக்கைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு பெட்டியை மூடினான். "பரவால்லைங்க அத்தை. வாங்க, ஆள் வந்துட்டாங்க. நான் முன்னால நிக்கறேன்" என்றான். சட்டைக்கு உள்ளே இடுப்பில் துப்பாக்கி வைக்கும் உறை மட்டும் வெறுமனே இருந்தது. அதைக் கழற்ற மறந்துவிட்டான்.

மேடைக்குக் கீழே, படிக்குப் பக்கத்தில் நின்றான். சபரி பேசி முடிக்கும் நேரம். பக்கவாட்டுக் கதவு படாரென்று திறந்தது. நீளமான கோட்டுப் போட்ட ஒரு ஆள் மேடையைப் பார்த்து ஓடி வந்தார். வலது கை கோட்டுக்குள் இருந்தது. சபரி அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றான்.

ரஞ்சித்தின் கை சட்டைக்குள் போனதை நான் பார்த்தேன் அண்ணா. வெளியே வந்ததையும் பார்த்தேன். கை நீண்டது, நேராக அவர் நெஞ்சுக்கு. கையில் ஒன்றும் இல்லை. இருக்கிற மாதிரியே பிடித்திருந்தான். ஆள்காட்டி விரல் மடங்கியது. நாலடி தூரத்தில் இருந்து பார்த்தேன், அந்த விரல் மடங்கியது.

அந்த ஆள் கோட்டுக்குள்ளிருந்து எடுத்தது பொன்னாடை. ஜரிகைக் கரை போட்ட பொன்னாடை.

தமிழ்ச் சங்கத்துச் சிவராமகிருஷ்ணன். அறுபத்தெட்டு வயது. வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் தாமதமாகி ஓடி வந்திருக்கிறார். படியில் கால் தடுக்கியது. நீட்டியிருந்த ரஞ்சித்தின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். ஜனம் எல்லாம் கை தட்டியது. சபரிக்குப் போர்த்தினார், போட்டோ எடுத்தார்கள். ரஞ்சித்தின் கை இறங்கவே இல்லை, நான் போய்ப் பிடித்து இறக்கினேன்.

வீட்டுக்கு வந்து சமையலறையில் என்னிடம் மட்டும் சொன்னான். "நான் சுட்டுட்டேனுங்க அத்தை." அவ்வளவுதான். அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்றான். இதோ, உங்களிடம் சொல்லிவிட்டேன்.

சொல்லாதது ஒன்று இருக்கிறது. சிவராமகிருஷ்ணனைப் பொன்னாடையோடு வரச் சொன்னதே நான்தான். நம் ஊர்க் கூட்டமென்றால் ஒரு பொன்னாடை இல்லாமல் எப்படி என்று தோன்றியது. "சபரிக்குத் தெரிய வேண்டாம், கோட்டுக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வாங்க, பேச்சு முடியறப்ப பக்கத்துக் கதவு வழியா வாங்க" என்று நான்தான் சொன்னேன். ரஞ்சித்திடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. துப்பாக்கியையும் நான்தான் வரச் சொன்னேன், அந்த மனுஷனையும் நான்தான் வரச் சொன்னேன்.

ரஞ்சித் நாளைக்குக் கிளம்புகிறான். அவனிடம் இதைச் சொல்லவா, வேண்டாமா? நீங்கள் சொல்லுங்கள். போன் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

வசந்தாமணி


பிளானோ
16 அக்டோபர் 2000

தங்கச்சிக்கு,

வியாழக்கிழமை ரஞ்சித் வந்து சேர்ந்தான். நான் வாசலில் நின்றேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உரலை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். துப்பாக்கி எங்கே என்று இன்றைக்கு வரை கேட்கவில்லை. வான்மதி தான் மாசமாக இருப்பதை அப்போதுதான் அவனிடமும் என்னிடமும் சொன்னாள். அவள் தலையில் கை வைத்தான். இடது கையை.

உன் கடிதாசி அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. சொல்ல வேண்டாம் என்றுதான் பதில் எழுத நினைத்தேன். அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

நேற்று மதியம் போன் வந்தது. எனக்குக் காது மந்தம் என்று வான்மதி ஸ்பீக்கரைப் போட்டாள். சிவராமகிருஷ்ணன். சபரியிடம் நம்பர் வாங்கினாராம்.

"சார், நமஸ்காரம். உங்க பையனுக்கு தேங்க்ஸ் சொல்லாம இருந்தா எனக்கு மனசு ஆறாது. அன்னிக்கு அந்தப் படியில நான் விழுந்திருந்தா மண்டை போயிருக்கும் சார். எல்லாரும் வேடிக்கை பார்த்துண்டு நிக்கறா, இவன் ஒருத்தன்தான் முன்னாடியே கையை நீட்டிண்டு நிக்கறான். நான் விழப் போறேன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுதோ! என் உயிரைக் காப்பாத்தினான் சார்."

ஆமாங்க என்றேன்.

"உங்க தங்கை அம்மா பாருங்கோ, கோட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சுண்டு வாங்கோன்னா. அந்த சர்ப்ரைஸ் நன்னா எடுபட்டுது!" என்று சிரித்தார். ரஞ்சித் சோபாவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். உன் பேச்சு வந்தபோது அவன் முகம் மாறவில்லை. அவன் உன்னைக் குறை சொல்லவில்லை தங்கச்சி, என்னையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அவனிடம் பேச வேண்டும் என்றார் அவர். ரஞ்சித் வந்து குனிந்து, "பரவால்லைங்க அங்கிள். பாத்து நடங்க" என்றான். போனை வான்மதிதான் வைத்தாள்.

சாப்பிட உட்கார்ந்தோம். வான்மதி சோறு போட்டு, குழம்பு ஊற்றினாள். எடிசனிலிருந்து வந்து நாலு நாளாக அவன் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை, ஆபீஸ், பசியில்லை என்று ஏதாவது சொல்வான். நேற்றுத்தான் உட்கார்ந்தான். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தான். நான் பிசைய ஆரம்பித்தேன், நிறுத்தினேன். சோற்றில் ஆவி அடங்கியது.

வான்மதி எழுந்து போய் ஒரு ஸ்பூன் கொண்டு வந்து அவன் பக்கத்தில் வைத்தாள். அதை எந்தக் கையால் எடுப்பது என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

அண்ணன்